ஆறடி, இடைவெளி இல்லாமல்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. நம் இளையவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் என்பது போன வாரம் துணிக்கொடி அடியில் வெட்டவெளிச்சமாகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, ஈரப் போர்வையை உதறிக்கொண்டே, எதிரே நின்று கிளிப்பு எடுத்துக் கொடுத்த பொடிசிடம் போட்டு உடைத்துவிட்டாள்.

"உன்னைப் பெத்தது நான்தான்டி. அக்காவுக்குப் பிள்ளை இல்லைன்னு உன்னைத் தூக்கிக் குடுத்தேன்."

பொடிசு அழவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கையில் இருந்த கிளிப்புகளை டப்பாவில் போட்டு மூடினாள். தோட்டத்தைக் கடந்து எதிர் வீட்டுக்குள் போய்விட்டாள். அங்கேதான் அவளுடைய அம்மா இருக்கிறாள். அம்மா என்று அவள் கூப்பிடுவது மூத்தவளை.

அக்கா தங்கை வீடுகள் இரண்டும் அடுத்தடுத்த தெருக்களில், கொல்லைப்புறத்தோடு கொல்லைப்புறம் பார்த்து நிற்கின்றன. நடுவில் ஒரே தோட்டம். பொடிசைக் கொடுத்தபோது இளையவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இவள் புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. மூத்த பையனுக்கே பால் வாங்க வழியில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எப்பவும் சுவர் வரக் கூடாதுக்கா. அவ என் கண்ணெதிர்ல வளரணும். அது போதும்." மூத்தவள் சரி என்றாள். சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள்.

கொடியடி சமாசாரத்துக்குப் பிறகு பொடிசு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இளையவள்தான் துவைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் காய்ந்த துணியையே நனைத்துக்கொண்டு போய்க் கொடியடியில் நின்றாள். காலையில் நின்றாள், சாயங்காலம் நின்றாள். லாரி ஓட்டும் புருஷன் வாரத்தில் பாதி நாள் சாலையில்தான். பையன் இப்போது ஹாஸ்டலில். அதனால் வீட்டில் இவளை என்ன ஏது என்று கேட்க ஆளில்லை.

'சின்ன மனசு. மெள்ளத்தான் ஜீரணமாகும். ஆனதும் எங்கிட்டதான் ஓடி வருவா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படி ஒரு நம்பிக்கை. நம்பிக்கை வைப்பதற்குக் காசா பணமா!

வெள்ளிக்கிழமை காலை அவள் வழக்கம்போலக் கடைக்குப் போனாள்.

கடை என்றால் பெரிய ஷோரூம். தோட்டத்துக்கும் வாசலுக்கும் வேண்டிய சாமான்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். இளையவளின் பிரிவு வேலிப் பலகை. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அச்சில் வார்த்த காம்போசிட் பலகைகள். பார்த்தால் அசல் மரம் மாதிரியே ரேகை ஓடும். கறையான் அரிக்காது, மழையில் ஊறாது, வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். மேனேஜருக்கு அவள்மேல் அதனால்தான் கொஞ்சம் மரியாதை.

மத்தியானம் கண்ணாடிக் கதவு திறந்தது. "வாங்க மேடம்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூத்தவள் நின்றுகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற கைக்கடிகாரம், தோளில் தடித்த கைப்பை, மூக்குக்கண்ணாடி. கணக்கு டீச்சர். வகுப்பில் யார் பேசினாலும் திரும்பாமலே பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ரகம்.

"என்னக்கா? நீ எங்க இங்க?"

"கடைக்கு எதுக்கு வருவாங்க? சாமான் வாங்கத்தான்."

"என்ன சாமான்?"

"நீ விக்கறதுதான். வேலி."

வாடிக்கையாளர் வாசனை பிடித்துக்கொண்டு மேனேஜர் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார். இளையவளின் முகத்தையும் வந்தவளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கும் தாடையும் ஒரே அச்சு. பார்க்கிறவர்களுக்குக் கேட்கத் தோன்றத்தானே செய்யும்.

"மேடம், இவங்களுக்கு நீங்க சொந்தமா?"

"பக்கத்து வீடு" என்றாள் மூத்தவள்.

ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். பக்கத்து வீடாம்! கடையின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறபோது சண்டைக்கா போக முடியும்? இளையவள் மென்று விழுங்கினாள்.

"அப்படின்னா இன்னும் நல்லா கவனிக்கணும்மா" என்றார் மேனேஜர் இளையவளிடம். பிறகு மூத்தவள் பக்கம் திரும்பிக் குழைந்தார். "எதுக்கு மேடம் வேலி? நாய்த் தொல்லையா?"

"நாயா இருந்தா கல்லெடுத்து விரட்டிடலாமே சார்."

மேனேஜர் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம்! நல்ல நகைச்சுவை என்று நினைத்து, "மேடத்துக்கு ஒரு காபி சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார்.

இளையவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை. பொடிசு போய்ச் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதற்குத்தான் இந்தத் தண்டனை, அதுவும் இவள் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டிய தண்டனை. உலகத்தில் வேறு கடையா இல்லை?

"காட்டுங்க" என்றாள் மூத்தவள்.

காட்டினாள். காபிக்கொட்டை நிறம், தேக்கு நிறம், சாம்பல், கரி. மூத்தவள் ஒவ்வொரு துண்டையும் கையில் வாங்கி விரலால் தட்டிப் பார்த்தாள். சந்தையில் தேங்காய் தட்டுகிறவளைப் போல.

"நாலடி உயரம் போதும் மேடம்" என்று இளையவள் ஆரம்பித்தாள். அந்த 'மேடம்' அவள் வாயில் கசந்தது. "தோட்டத்துக்குக் காத்து வேணும், வெயில் வேணும். நிறைய பேர் நாலடிதான் வாங்கறாங்க."

"நாலடின்னா எட்டிப் பாக்க வசதியா இருக்கும், இல்ல?"

இளையவள் அடுத்த பலகையை எடுத்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வேலி வந்துதான் தீரும் என்றால் எந்த வேலி என்பதில் ஒரு கை பார்த்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டாள். விற்பது அவள் தொழில். எத்தனை பிடிவாதக்காரர்களைப் பேசியே மடக்கியிருக்கிறாள்!

"இதைப் பாருங்க. ஆறடிதான். ஆனா மேல்வரிசையில மட்டும் பூவேலை வெட்டியிருக்கு. வெளிச்சம் வரும், பாக்கவும் லட்சணம். புதுசா வந்தது. கொடி ஏத்தி விட்டீங்கன்னா நாலு பேர் நின்னு பாத்துட்டுப் போவாங்க."

மூத்தவள் அந்தப் பூவேலைத் துளைகளைக் கண்ணாடிக்குள் இருந்து உற்றுப் பார்த்தாள். "நிறுத்திக் காட்ட முடியுமா?"

"பின்னாடி வாங்க."

கடைக்குப் பின்னால் ஒரு முற்றம். செயற்கைப் புல் விரித்து, அலுமினியத் தூண்கள் நட்டு, ஒவ்வொரு தினுசிலும் ஒரு பலகை வேலி நிறுத்தி வைத்திருப்பார்கள். தூணின் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் பட்டைகளை மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் வேலி தயார். இந்த முற்றத்தில் இளையவளுக்கென்று ஒரு விற்பனை உத்தி உண்டு. வாடிக்கையாளரை இந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, இவள் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "இப்ப நான் தெரியறேனா?" என்று குரல் கொடுப்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். தெரிந்தால் ஒரு பலகை, தெரியாவிட்டால் இன்னொரு பலகை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

இன்றைக்கும் போய் நின்றாள். பூவேலைத் துளை சரியாக அவள் கண் உயரத்துக்கு வந்தது.

"தெரியறேனா?"

துளைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி கிட்டே வந்தது.

"தெரியற. கண்ணு மட்டும் தெரியுது" என்றாள் மூத்தவள். "பன்னிரண்டு வருஷமா அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். இது வேண்டாம்."

இளையவள் வேலியைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். முற்றத்தில் வேறு யாரும் இல்லை. மேடமும் மரியாதையும் காற்றில் பறந்தன.

"நடுவுல சுவர் வராதுன்னு எனக்கு வாக்குக் குடுத்தியா இல்லையாக்கா?"

"சுவர்னுதானே சொன்ன? இது வேலி. நாளைக்கே கழட்டி வைக்கலாம். நீயே சொல்லு, நீதானே விக்கற."

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல."

"குறைச்சல் எனக்கு எதுல இல்ல சொல்லு" என்றாள் மூத்தவள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவளிடம் பயப்பட வேண்டிய விஷயம். "அவளுக்குத் தலை வாரினா நீ ஜன்னல்ல நிக்கற. ஒரு அதட்டு போட்டா கொடியடியில வந்து நிக்கற. காய்ச்சல்ல கிடந்தப்ப வாசப்படி வரைக்கும் வந்து, ஒரு வார்த்தை பேசாம, நான் சரியாப் பாத்துக்கறேனான்னு பாத்துட்டுப் போற. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவளை நான் நிம்மதியா அடிச்சிருப்பேனா, கொஞ்சியிருப்பேனா? கண்கொத்திப் பாம்பாட்டம் ரெண்டு கண்ணு எம் முதுகுக்குப் பின்னாடியே."

"பெத்தவ பாக்காம?"

"சத்தம் போடாதே. இது கடை."

இளையவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்காவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். "உனக்குப் பயம். அதான் வேலி. அவ எங்கிட்ட வந்துடுவாளோன்னு பயம். எத்தனை அடி வேலி போட்டாலும் வருவாக்கா. உன்னால தடுக்க முடியாது. அவளையே கேளு, வேலி வேணுமா வேண்டாமான்னு."

மூத்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"கேப்போம். கார்லதான் இருக்கா. அவளைக் கூட்டிட்டு வந்ததே அதுக்குத்தான்."

இளையவளின் கோபம் பொசுக்கென்று அடங்கியது. அந்த இடத்தில் சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பொடிசு வருகிறாள்! ஒரு வாரம் கழித்து முகத்தைப் பார்க்கப் போகிறாள். 'எதுக்கும்மா வேலி, அசிங்கமா' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சரம்மாவின் கணக்கு அத்தனையும் தப்பாகிவிடும்.

மூத்தவள் போனில் கூப்பிட்டாள். பொடிசு வந்தாள்.

பெயர்தான் பொடிசு. ஆள் இளையவளின் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். நேராக மூத்தவளிடம் போய் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இளையவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், தெரிந்தவர்களுக்கு ஆட்டுவதுபோல.

"எப்படிடா இருக்க?" என்றாள் இளையவள்.

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

நீங்க! பிறந்ததிலிருந்து சித்தியை 'நீ, வா, போ' என்று கூப்பிட்ட வாய் அது. சோறு கேட்டாலும் சண்டை போட்டாலும் 'நீ'தான். இளையவளுக்குச் சுருக்கென்று தைத்தது. 'அம்மா எதிர்ல நிக்கறா, அதான்' என்று உடனே அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள்.

"உனக்கு எது பிடிச்சிருக்கோ அதைச் சொல்லும்மா" என்றாள் மூத்தவள். "சித்திகிட்ட கேட்டுக்கோ. அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

பொடிசு முற்றத்தைச் சுற்றி வந்தாள். அவசரமே படவில்லை. இடைவெளி விட்டுப் பட்டை அடித்த வேலியருகே நின்றாள். இடைவெளியில் கையை விட்டு அந்தப் பக்கம் விரல்களை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பூவேலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோடியில் நின்ற கரி நிறப் பலகை முன்னால் போய் நின்றாள். ஆறடி. பட்டைக்குப் பட்டை நாக்கும் பள்ளமுமாகக் கோத்துப் பூட்டியது, ஊசி நுழையாது. வெளிச்சம்கூட அந்தப் பக்கம் போகாது என்று சொல்லித்தான் இளையவளே அதை விற்பது வழக்கம்.

"இது."

"இதுவா? இது ரொம்ப இருட்டா இருக்கும்டா" என்றாள் இளையவள். வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. "வெயில்ல சூடு ஏறும். கரி நிறம் வேற. தோட்டமே ஜெயிலாட்டம் ஆயிடும். நீ அந்தப் பூவேலை போட்டதைப் பாக்கலியே?"

"பாத்தேன். இது போதும்."

"வேலியே வேண்டாம்னு சொல்லேன்டா."

பொடிசு பலகையை விரலால் சுட்டினாள். "அந்தப் பக்கம் போய் நில்லுங்க சித்தி. தெரியறீங்களான்னு பாக்கணும்" என்றாள். கடையில் தான் செய்யும் இந்த வித்தையை வீட்டில் நூறு தடவை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவள் இளையவள்தானே.

இளையவள் கரிப்பலகைக்குப் பின்னால் போனாள். எதிரே கறுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் மனிதர்கள் இருப்பதாகவே தெரியவில்லை.

"தெரியறேனா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

செயற்கைப் புல்லில் காலடிச் சத்தம் கேட்டது. பொடிசு வேலியைச் சுற்றிக்கொண்டு இவள் பக்கம் வந்து நின்றாள். இளையவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்துவிட்டாள்! நான் சொன்னேனே! இரண்டு கையையும் நீட்டினாள்.

பொடிசு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"அம்மாவைத் திட்டாதீங்க" என்றாள், மெல்லிய குரலில். "வேலி வேணும்னு கேட்டது நான்தான்."

"நீயா?"

"நான்தான். போன வாரமே கேட்டேன். அம்மா முடியவே முடியாதுன்னாங்க. சித்திக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னாங்க. நான் சாப்பிடாம இருந்தேன். அப்புறம்தான் சரின்னாங்க."

இளையவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஏன்டா? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"நீங்க என்னைக் குடுத்துட்டீங்க."

"கஷ்டம்டா அப்ப... உனக்குத் தெரியாது, பால் வாங்கக்கூட..."

"சரி. பரவாயில்ல. குடுத்தது குடுத்ததுதானே" என்றாள் பொடிசு. அவள் குரலில் கோபம் இருந்தாலாவது இளையவள் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பாள். "அப்புறம் எதுக்குத் தினம் வந்து நின்னு பாக்கறீங்க? காஞ்ச துணியையே நனைச்சு நனைச்சுக் கொடியடியில நின்னா என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் கேக்கறாங்க. எனக்கு அருவருப்பா இருக்கு."

பன்னிரண்டு வயதுக்கு இந்த வார்த்தை எங்கிருந்து கிடைத்ததோ! இளையவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். வழவழவென்று கை வழுக்கியது.

"என்ன ரகசியம் அங்க?"

மூத்தவளும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். வகுப்பில் காப்பியடித்தவர்களைப் பார்க்கிற பார்வை. ஆனால் அதற்குள் ஒரு நடுக்கம் இருந்ததை இளையவள் கண்டுபிடித்துவிட்டாள். அக்காவுக்குத் தெரியாது! பொடிசு அவளிடம் எதுவுமே சொல்லவில்லை!

"ஒரு வாரமா இவ இவளாவே இல்ல" என்றாள் மூத்தவள் தங்கையிடம். "திடீர்னு ஒரு நாள் வேலி போடுங்கறா. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. நீ இவகிட்ட என்ன சொன்ன?"

இப்போதாவது இளையவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். 'ஒண்ணும் சொல்லலக்கா' என்று சொல்லியிருந்தால் வேலியோடு போயிருக்கும். ஆனால் அருவருப்பு என்ற அந்த ஒரு சொல் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. தான் வேகிறபோது அக்கா மட்டும் ஏன் குளிர்ந்து நிற்க வேண்டும்? அவளும் வேகட்டும். அவளைத் தள்ளிவிட இதைவிட நல்ல குழி கிடைக்காது என்று அந்த நிமிஷம் தோன்றிவிட்டது.

"உண்மையைச் சொன்னேன்" என்றாள். "இவளைப் பெத்தது யாருன்னு சொன்னேன். உன் வயித்துல ஒரு புழு பூச்சியும் தங்கலை, இவ நான் போட்ட பிச்சைன்னு சொன்னேன். போதுமா?"

மூத்தவளின் உதடு வெளுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பொடிசின் பக்கம் மெள்ளத் திரும்பின. அந்த ஒரு கணம் இளையவள் ஜெயித்துவிட்டாள். பார்க்க அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"எப்ப சித்தி?" என்றாள் பொடிசு.

இளையவளுக்குப் புரியவில்லை. "என்ன எப்ப?"

"எப்ப சொன்னீங்க எங்கிட்ட?" பொடிசின் முகம் சலனமே இல்லாமல் இருந்தது. மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லம்மா. இப்பத்தான் கேக்கறேன். உங்க மேல இருக்கற கோவத்துல என்னென்னவோ சொல்றாங்க. இதெல்லாம் நிஜமாம்மா?"

மூத்தவளுக்கு மூச்சு திரும்ப வந்தது.

"இல்லம்மா" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பொடிசு.

இளையவள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கொடியடியில் சொன்னது, ஈரப் போர்வை, பத்து மாசம் சுமந்தது, பிரசவ வலி, எல்லாவற்றையும் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரே நிமிஷத்தில் இல்லையென்று ஆக்கிவிட்டார்கள். கத்த வேண்டும்போல இருந்தது. மேனேஜர் கையில் பில் புத்தகத்தோடு முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

"என்ன மேடம், முடிவாயிடுச்சா?"

"ஆயிடுச்சு அங்கிள்" என்றாள் பொடிசு. "கரி நிறம். ஆறடி. இடைவெளி இல்லாம."

"அடடா, அருமையான செலக்‌ஷன்! எழுதிக்கோம்மா" என்றார் அவர் இளையவளிடம். அவள் எழுதினாள். நிறம், உயரம், தூண் வகை. வாடிக்கையாளர் முகவரி என்ற இடத்தில் தன் வீட்டுத் தெருவுக்கு அடுத்த தெருவின் பெயரை எழுதினாள். எழுத்து வழக்கம்போல முத்துமுத்தாகத்தான் விழுந்தது. அதுவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

"நீ கார்ல போய் உக்காரு. வரேன்" என்று பொடிசை அனுப்பினாள் மூத்தவள். மேனேஜரும் உள்ளே போனார். அக்காவும் தங்கையும் மட்டும் கரிப்பலகை முன்னால் நின்றார்கள்.

"அவ பொய் சொல்றாக்கா" என்றாள் இளையவள். கெஞ்சலாகவே வந்தது. "சத்தியமா நான் சொன்னேன். அவளுக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"என்னது?"

"அவ பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? நான் வளத்த மூஞ்சிடி அது." மூத்தவளின் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் இளையவள் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. "என்னிக்காவது அவளுக்குத் தெரியவரும், அன்னிக்கு அவ உன் பக்கம் போயிடுவாங்கற பயத்துலயே இத்தனை வருஷம் ஓட்டினேன். உன் பிள்ளையைக் கடன் வாங்கி வச்சிருக்கற மாதிரிதான் இருந்தது. இன்னிக்கு எல்லாம் தெரிஞ்சும், உன் மூஞ்சிக்கு நேரா நின்னு, எனக்காகப் பொய் சொன்னா பாரு. இன்னிக்குத்தான்டி எனக்கு அவ பொறந்தா."

கைப்பை பொடிசோடு போய்விட்டதால் புறங்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா இது எனக்குக் கிடைச்சே இருக்காது. ரொம்ப தேங்க்ஸ்."

போய்விட்டாள். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. காரின் முன் இருக்கையில் பொடிசு சாய்ந்து மூத்தவளுக்காக உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுவது தெரிந்தது. கார் வளைவு திரும்பும்வரை இரண்டு தலைகளில் ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இளையவள் மேஜைக்குத் திரும்பினாள். மேனேஜர் விரலால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போகணும். நம்ம ஆள் லீவு. யாரை அனுப்பறதுன்னு தெரியல."

இளையவள் சுவரில் தொங்கிய அளவு டேப்பைப் பார்த்தாள். நாளை சனிக்கிழமை. அத்தான், மூத்தவளின் புருஷன், வீட்டில்தான் இருப்பார். ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவர் அவர். பொய் என்று ஒன்றைச் சொல்ல வாயெடுத்தாலே காது வரைக்கும் சிவந்துபோகிற மனுஷர். பொடிசை எதிரே நிற்க வைத்துக்கொண்டு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அதற்கப்புறம் அந்த வீடு என்ன ஆகும், பொடிசு என்ன ஆவாள் என்பதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலைமையிலும் இல்லை.

"நானே போறேன் சார்" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் மேனேஜர். "பக்கத்து வீடுதானே உனக்கு."